நானூற்றுப் பதினோராம் எண்

என் பொஞ்சாதி வேலுத்தாய்க்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு போட்டோதான் உண்டு. அது விருதுநகரில் ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைக் கேட்டு நான் பதினாலு தடவை போனேன்.

அது அங்கே எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2001இல் எங்கள் எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பட்டாசுத் தொழிலாளர் பதிவு மையத்துக்காரர்கள் முகாம் போட்டார்கள். ஒவ்வொருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்துப் படம் பிடித்து அட்டை கொடுத்தார்கள். வரிசையில் நான் முன்னால், அவள் பின்னால். எனக்கு 411, அவளுக்கு 412.

2006 ஐப்பசியில் அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். மையத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள், போனேன். ஜன்னலில் இருந்தவர் "எந்த ஃபேக்டரி?" என்று கேட்டார். ஃபேக்டரி இல்லை, காமாலை என்றேன். அவர் பாரத்தில் வெடி, தீ, மின்னல் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தவர், மின்னலில் டிக் அடித்தார். அப்புறம் அவள் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இறந்தவர் அட்டையை ரத்து செய்வது விதி என்று சொல்லி, என் முன்னாலேயே கத்தரிக்கோலால் ரெண்டாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டார். எல்லாம் முறைப்படி முடிந்தது என்று நினைத்து நானும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ரெண்டு மாசம் கழித்து ஒருநாள் வேலை விட்டு வந்து, கையில் ஒட்டியிருந்த பட்டாசு வெள்ளி மருந்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று திடீரென்று சந்தேகம் வந்தது. வலதா, இடதா? பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளைக் கேட்டேன். "அவ மூக்குத்தி போட்டிருந்தாளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் வரவில்லை. பிள்ளையும் இல்லை. பிள்ளை இருந்திருந்தால் முகத்தில் ஒரு ஜாடையாவது மிச்சம் இருந்திருக்கும். வீடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் விருதுநகர் போனேன்.

மையத்தின் கண்காணிப்பாளர் பெயர் அய்யப்பன். இருபது வருசம் வெடிமருந்து உரிமம் கொடுக்கிற பிரிவில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்தவர். அவர் வந்த வாரம்தான் எல்லா ஆபீசுக்கும் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. முதல் நாளே ஒன்று வேலை நடுவில் படக்கென்று நின்று, திரை வெள்ளையாகிப்போனதாம். அவருக்குத் தெரிந்த விபத்து ஒரே வகைதான். அதற்கு இருந்த விதிகளை அப்படியே இதற்கும் போட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் ரூம் வாசலில் நனைத்த சாக்கு கிடந்தது. செருப்பைக் கழற்றி அதை மிதித்து, சுவரில் அடித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் ஊக்கு, கொண்டை ஊசியெல்லாம் கழற்றி ஒரு தட்டில் வைத்தார்கள். மூலைக்கு மூலை சிவப்பு வாளியில் மணல். நான் நாற்பது வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்துப் படித்தவன், கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். கதவுப் பலகையை வாசிக்கச் சிரமம் இல்லை. முப்பது வருசமாக மருந்து ரூம் கதவில் பார்க்கிற அதே பலகைதான். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இடி இடித்தால் வேலையை நிறுத்தவும்.

உள்ளே பானுப்பிரியா என்று ஒரு பிள்ளை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது. ஒப்பந்த வேலை.

"என்ன அண்ணாச்சி வேணும்?"

"எம் பொஞ்சாதி போட்டோ தாயி. 412."

"அவுகளக் கூட்டிட்டு வரலயா?"

"அவ இல்ல தாயி."

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எண்ணைத் தட்டியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்றது. அப்புறம் எல்லாம் வெள்ளையாகிப்போனது.

வராண்டாவில் ஊர்க்காவலன் என்கிற பியூன் மணியை அடித்தார். மையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஓடாமல், தள்ளாமல், வரிசையாக வெளியே போய்க் கொடிக்கம்பத்தடியில் நின்றோம். ஊர்க்காவலன் தலை எண்ணினார். அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது, சூடு ஆற வேண்டும்.

"பயந்துட்டீகளா அண்ணாச்சி?" என்றது பானுப்பிரியா.

"புகையே வரலயே தாயி."

"வராது. பழைய புரோகிராம் பழைய கம்ப்யூட்டருக்குன்னு எழுதுனது. புதுசுக்கு அது பேசுற பேச்சு புரியாது. நடுவுல ஒண்ணு உக்காந்து இது சொல்றத அதுக்கும், அது சொல்றத இதுக்கும் சொல்லிக்கிட்டிருக்கு. இணக்க அடுக்குன்னு பேரு. அதுதான் பொத்து பொத்துன்னு விழுது."

"எதுக்கு விழுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கொடிக்கம்பத்துல நிக்கேன்?"

அரை மணி கழித்து அய்யப்பன் அய்யா விபத்துப் பதிவேட்டைத் திறந்தார். நடந்த இடம், நேரம், காயம் பட்டோர் இல்லை, இறந்தோர் இல்லை, காரணம் விசாரணையில். என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். நான் வந்த விசயத்தைச் சொன்னேன்.

"இறந்தவர் பதிவை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் திறக்க முடியும்" என்றார். "நீக்குவதற்கு."

"அப்ப திறந்தா அவ போட்டோவும் போயிருமாய்யா?"

"திறந்தால் போய்விடும். திறக்கத்தான் முடியவில்லை. அதற்காக வருந்துகிறோம்."

அது விழுந்துகொண்டே இருக்கிறவரைக்கும் அவள் உள்ளே பத்திரமாக இருந்தாள். இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. என்றைக்காவது ஒருநாள் நீக்குவதற்கு முன்னால் ஒரு நிமிசம் திரையில் வருவாள், பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். சீசனில் லீவு கேட்டால் கம்பெனியில் முகத்தைத் திருப்புவார்கள். அப்படியும் போனேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் நான் இருக்கிறேனா என்று எண்ணிப் பார்க்க ஆள் கிடையாது. இங்கே மணி அடித்தால் என்னையும் சேர்த்து எண்ணினார்கள்.

பதினோராவது தடவை போனபோது விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அய்யப்பன் அய்யா, இந்தப் பக்கம் நான், நடுவில் பதிவேடு.

"நீர் வந்த பதினொரு நாளும் இங்கே விபத்து நடந்திருக்கிறது. மறுக்கிறீரா?"

"இல்லய்யா."

"நீர் வராத நாளில்?"

பானுப்பிரியா வாசலில் நின்று, "வராத நாள்லயும் விழுதுங்க சார். எந்தப் பட்டியலக் கேட்டாலும் நடுவுல விழுது" என்றது.

"நான் கேட்டது இவரை. என்ன வேலை பார்க்கிறீர்?"

"பட்டாசுக்கு மருந்து செலுத்துற வேலைய்யா."

அவர் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். நகத்தடியில் எப்போதும் கொஞ்சம் வெள்ளி இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவர் முகத்தில் இருபது வருச அனுபவம் தெரிந்தது. "அலுமினியத்தூள்" என்று எழுதிக்கொண்டார்.

மறுதடவை வரும்போது நான் குளித்திருக்கிறேன் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் வி.ஏ.ஓ. ஒரு மாதிரி பார்த்தார். "நீரு குளிச்சத நான் பாக்கலயே, எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?" என்றார். நியாயம்தான். அவர் ஆபீஸ் பின்னால் குழாயடியில் குளித்துக் காட்டினேன். தலையாரி சாட்சி. காலை எட்டு மணிக்கு முத்திரை போட்டார். சிவகாசி போய் பஸ் மாறி, நின்றுகொண்டே விருதுநகர் போய்ச் சேர மணி பதினொன்று. அய்யப்பன் அய்யா சான்றை வாசித்துவிட்டு, என் சட்டை முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்கு யார் பொறுப்பு?"

அன்றைக்கும் விழுந்தது. கொடிக்கம்பத்தடியில் ஊர்க்காவலன் என்னிடம் ரகசியமாக, "சோப்பு என்ன சோப்பு போட்டீக?" என்று விசாரித்தார்.

அதற்கடுத்து கணினி நிலைத்தன்மை வாரம் கொண்டாடினார்கள். வாசலில் வாழைமரம், பேனர். சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி பார்க்க வருகிறார் என்று நாலு நாளாக ஒரே பரபரப்பு. பயனாளி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், அடிக்கடி வருகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி பார்க்கிற நேரத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்த அய்யப்பன் அய்யா, நன்றாக ஓடுகிற திரையை சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கொடுத்து, பளபள தாளில் அச்சடித்து வாங்கினார். அதை அளவாக வெட்டித் திரை மேல் ஒட்டினார்கள். அச்சு அருமையாக வந்திருந்தது. எங்கள் ஊர் வேலை சோடை போகாது.

மேலதிகாரி செம்புத் தகட்டைத் தொட்டார், சாக்கை மிதித்தார், நாலாவது ஆளாக உள்ளே வந்தார். பத்து நிமிசம் தாளைப் பார்த்தார்.

"அசையவே இல்லையே" என்றார்.

"காலையிலிருந்து இப்படியேதான் இருக்கிறது அய்யா" என்றார் அய்யப்பன் அய்யா.

"இதைத்தான் எல்லா மாவட்டத்திலும் எதிர்பார்க்கிறோம்" என்றார் மேலதிகாரி. என் பக்கம் திரும்பி, சேவை எப்படி என்று கேட்டார். "எண்ணிப் பாக்காகய்யா" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

பிறகு மைக்கில் அய்யப்பன் அய்யா பேசினார். "இந்த ஆண்டு நமது மையத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விபத்துகள். உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை. சில மாவட்டங்களில் விபத்தே இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். அவர்கள் கணினியைப் பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. நாம் எடுத்தோம். விழுந்தது. வெளியே வந்தோம். மறுபடி உள்ளே போனோம். எத்தனை பேருக்குப் பதிவு செய்து கொடுத்தோம் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எத்தனை பேரைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தோம் என்று நான் கேட்கிறேன்." எல்லாரும் கை தட்டினார்கள். தாளுக்கு அடியில் கம்ப்யூட்டர் மூன்று தடவை விழுந்திருந்ததாகப் பானுப்பிரியா அப்புறம் சொன்னது.

பதினாலாவது தடவை நான் போனபோது செல்வக்குமார் என்கிற இன்ஜினியர் வந்திருந்தார். சாத்தூர்ப் பையன், சென்னையில் வேலை. மணல் வாளியைக் காலால் நகர்த்திவிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் திரும்பி, "411 யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தான் தம்பி."

"உங்க போட்டோ இல்ல. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து புதுசுக்கு மாத்தும்போது அது ஒண்ணு மட்டும் தொலஞ்சிருச்சு. எந்தப் பட்டியலா இருந்தாலும் உங்களத் தாண்டித்தான் போகணும். உங்க சம்சாரம் பதிவத் திறந்தா புருசன் பதிவையும் சேத்துத் திறக்கும். அந்த இடம் காலியா இருக்கவும், நடுவுல இருக்கிறது தேடிப்பாத்து, இல்லன்னு சொல்லத் தெரியாம விழுந்துருது."

அய்யப்பன் அய்யா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். இவர்தான் காரணம் என்று." பதிவேட்டை எடுத்து, இருநூற்றுச் சொச்சம் விபத்துக்கும் காரணம் என்ற கட்டத்தில் என் பேரை எழுதச் சொல்லி ஊர்க்காவலனிடம் கொடுத்தார். அந்த ஆள் சாயங்காலம் வரை எழுதினார்.

"சரி பண்ண அஞ்சு நிமிசம் போதும் சார்" என்றார் செல்வக்குமார். "இவர ஒரு போட்டோ எடுத்து அந்த இடத்துல போட்டுருவோம்."

"நான் இங்கனதான இருக்கேன், எடுத்துக்கிடுங்க" என்றேன்.

"புதுப் படம் முகாமில்தான் எடுக்கலாம்" என்றார் அய்யப்பன் அய்யா. "முகாமுக்கு சென்னை அனுமதி வேண்டும். அதற்கு ஒரு கோப்பு போட வேண்டும். அந்தக் கோப்புக்கு இவருடைய அட்டை எண்ணைக் கணினியில் சரிபார்க்க வேண்டும்."

"சரிபாத்தா விழுமே சார்."

"அதனால்தான் கோப்பு போடவில்லை. வேறு வழி சொல்லுங்கள்."

இன்ஜினியர் திரைப் பக்கம் திரும்பினார். "காலி இடம் இல்லாதபடி, 411க்கு அப்புறம் இருக்கிற போட்டோவ எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னால தள்ளலாம். ஆனா எல்லாருக்கும் ஆள் மாறிப்போகும்."

"விழாதல்லவா?"

"விழாது."

"அப்படியென்றால் தள்ளுங்கள்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு இடம் முன்னால். 413 போட்டோ 412க்கு. 412 போட்டோ 411க்கு. ஆமத்தூர் வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். தப்பில்லை.

மூன்று வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் புது அட்டை கொடுக்கும் முகாம் போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு தடவை கூட விழவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, படத்தில் இருப்பது நீர்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் உடனே அட்டை அடித்துக் கையில் கொடுப்பார்கள். இல்லை என்றால் திருத்தம். புதுசாகப் படம் எடுக்க இல்லாத அனுமதி திருத்தத்துக்கு இருந்தது.

கருப்பம்மாள் திரையைப் பார்த்துவிட்டு விரலால் அதைத் தொட்டாள். "ஏ ஆத்தா, எனக்கு மீசையில்ல வச்சிருக்கீக."

"அது என் மீசை மதினி, பாத்துத் தொடுங்க" என்றான் பின்னால் நின்ற பாலகுரு. அவன் இடத்தில் ஒரு கிழவியின் முகம் இருந்தது. கூடமே சிரித்தது.

"சிரிக்க வேண்டாம்" என்றார் அய்யப்பன் அய்யா. "முகம் மாறியிருக்கிறதே தவிர, கணினி நிலையாக இருக்கிறது. இதுவரைக்கும் உங்களுக்காகக் கணினி எவ்வளவோ விழுந்திருக்கிறது. நீங்களும் கொஞ்சம் அனுசரிக்க வேண்டும்."

யாரும் அனுசரிக்கவில்லை. 411க்குப் பின்னால் உள்ள எண்காரர்கள் எல்லாரும் திருத்தம் கேட்டார்கள். என் முறை வந்தது. பானுப்பிரியா 411ஐத் தட்டியது. வட்டம் சுற்றியது. நான் பழக்கத்தில் வாசல் பக்கம் பார்த்தேன். யாரும் மணி அடிக்கவில்லை. திரும்பினால் வேலுத்தாய் இருந்தாள்.

மூக்குத்தி இடது பக்கம்.

அந்தப் பிள்ளைக்கு விசயம் புரிந்துவிட்டது. கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னது: "அண்ணாச்சி, இதுல அட்டை மட்டுந்தான் அடிக்க வரும், தனியா போட்டோ எடுத்துத் தர முடியாது. திருத்தம்னு போட்டா உங்களப் படம் பிடிச்சு இதுக்கு மேலயே ஏத்திரும்."

"ஏத்திட்டா இது திரும்ப வருமா?"

"வராது."

"ஆமான்னு சொன்னா?"

"இந்த முகத்தோட உங்க பேர்ல அட்டை வரும். ஃபேக்டரி கேட்ல காட்டுனா உள்ள விட மாட்டாக. நாளைக்கு ஒரு தீக்காயம்னு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீங்க யாருன்னு கேப்பாக."

அய்யப்பன் அய்யா எழுந்து வந்தார். "என்ன தாமதம்? பெயர் முத்துக்கருப்பன், ஆண், வயது ஐம்பத்துமூன்று. பார்த்துச் சொல்லும். படத்தில் இருப்பது நீர்தானா?"

பின்னால் பாலகுரு எட்டிப் பார்த்தான். "ஏலே, அண்ணன் கம்மல்லாம் போட்டு..." என்று ஆரம்பித்தவன், யார் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நான்தான்யா" என்றேன்.

"முகம் ஒத்துப்போகிறதா?"

"போகுதுய்யா."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இடம் தள்ளிய எழுநூறு பேரில் ஒத்துப்போன முதல் ஆள்" என்றார் ஊர்க்காவலனிடம். "அன்றைக்கு விபத்துக்கே காரணமாக இருந்தவர். இன்றைக்குப் பாரும், முழுத் திருப்தி. அறிக்கையில் இவர் பெயரைத் தனியாகப் போடும்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நகத்தைப் பார்க்கவில்லை.

அட்டை சூடாக வந்தது. பானுப்பிரியா அதைத் தன் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தது.

வேலுத்தாய் கேமராவைப் பார்க்கவில்லை. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அப்போதுதான் நான் ஸ்டூலை விட்டு எழுந்து ஓரமாக நின்றிருந்தேன், அந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. படம் பிடிக்கிற நேரத்தில் என்னிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே வந்து கருப்பம்மாளிடம் காட்டினேன். மீசையைத் திருத்த வரிசையில் நின்றிருந்தாள். 2001 முகாமிலும் வேலுத்தாய்க்குப் பின்னால் அவள்தான் நின்றாள்.

"இதுல அவ என்ன சொல்றா, ஞாபகம் இருக்கா?"

அவள் அட்டையைக் கிட்டத்தில் வைத்து, எட்ட வைத்துப் பார்த்தாள். "ஏழு வருசமாச்சே. ஒங்ககிட்டத்தான சொல்லியிருக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து அட்டையைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை.